வாசலில் தொலைந்த சுருதி

எழுபதுகளில், மெல்பர்னில் மாணவனாக இருந்தபோது, நான் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் பக்தி அல்ல, ஹீட்டர். என் வாடகை அறையில் அது இல்லை. ஒத்திகை அறையில் இருந்தது. பிஸ்கட்டும் உண்டு.

பின்வரிசையில் வாயசைத்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தவனை வினை பிடித்தது. ஒரு ஞாயிறு மாலை வழிபாட்டுக்கு நானூறு வருடப் பழைய லத்தீன் பாட்டு. மூன்று சரணங்கள். முதலையும் கடைசியையும் ஒருவர் தனியாகப் பாட வேண்டும். நடுச்சரணத்தை எல்லோரும் பல குரல்களாகப் பிரிந்து பாடுவார்கள். வாத்தியம் கிடையாது. தனியாகப் பாடுகிறவர் விட்ட சுருதியில்தான் மற்றவர்கள் பிடிக்க வேண்டும். வழக்கமாகப் பாடுகிறவருக்குக் காய்ச்சல். குழுவை நடத்திய பெரியவர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

கெட்ட கனவுகள் வராமல் காக்கும்படி கடவுளைக் கேட்கும் பாட்டு அது. அந்த வாரம் முழுக்க எனக்குக் கெட்ட கனவாக வந்ததே அந்தப் பாட்டுதான்.

குழுவில் இருந்த இன்னொரு தமிழர், யாழ்ப்பாணத்து நர்ஸ் அக்கா. உச்சஸ்தாயி அவருடைய வரிசை. ஒத்திகையில் எனக்கு வசதியான கட்டையில் இஷ்டத்துக்குத் தொடங்கினேன். ஊரில் அப்படித்தானே, பாடுகிறவன் வைத்ததுதான் சுருதி.

"தம்பி, நீர் மேல தொடங்கினா நான் செத்தன். விளங்குதோ?"

"ஆமாக்கா, புரியுது."

"புரிஞ்ச முகமாத் தெரியேல்லையே."

ஞாயிறு வந்தது. விளக்குகளை அணைத்தார்கள். முன்னால் மட்டும் மெழுகுவர்த்திகள், அங்கே குழு. வழக்கப்படி நான் பின்வாசலருகே தனியாக. பெரியவர் சுருதி காட்டும் இசைக்கவையைத் தட்டி என் காதருகே காட்டிவிட்டுப் போனார். அந்த ஒற்றை ஸ்வரத்தை, தளும்பத் தளும்ப ஊற்றிய காபி டம்ளரைப் போல, வாய்க்குள் முனகியபடி ஏந்திக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

ஸ்வரம் போயே போய்விட்டது.

யாரோ இருமினார்கள். கதவின் கைப்பிடி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வாயைத் திறந்தேன். எங்கேயோ உயரத்தில் தொடங்கியது. இறக்கத் தெரியாமல் அப்படியே பாடி முடித்தேன்.

நடுச்சரணம். உச்சியை நெருங்க நெருங்கப் பெண்குரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அக்காவுடையது மட்டும் ஏறியது. நூலாக மெலிந்து, நடுங்கி, மேலே போய் நின்றது. அறுந்தால் அறுத்தவன் நான். அறாமல் இறங்கியது.

அடுத்தது மறுபடி நான். தொண்டையைச் செருமினேன். அந்தச் செருமலே அக்காவுக்குப் போதுமாக இருந்தது. என் சரணத்தை அவரே, தாழ்வாக, நிதானமாகத் தொடங்கிவிட்டார். பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார்; தடுக்கவில்லை.

கடைசியில் வரும் ‘ஆமென்’னுக்கு மட்டும் நானும் சேர்ந்துகொண்டேன். அதுவும் அக்கா அதைப் பாதி பாடிய பிறகு.