வரப்பு நிறைய விஞ்ஞானிகள்

வயலுக்கு ட்ரோனில் மருந்து அடிக்கிற தொழிலில், ட்ரோன் தன் சோலியைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடும்; கீழே நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்லித்தான் நமக்கு நாக்கு வறண்டுபோகும். செல்போன் கடையில் இருக்கிறவர்கள், ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவர்கள், இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் என் கட்சிதான். மிஷின் என்று ஒன்றை நாம் கையில் பிடித்தால் போதும், உலகத்தில் வருகிற அறிவியல் செய்தி அத்தனைக்கும் நாம்தான் ஜவாப்தாரி.

எனக்கு ஊர் மேலகரம். பத்து நாள் பயிற்சிக்குப் போய் பைலட் லைசென்ஸ் வாங்கி, மூன்று வருஷமாகத் தென்காசி சுற்றுவட்டாரத்தில் மருந்து அடிக்கிறேன். ட்ரோனையும் பேட்டரிகளையும் ஏற்றிப்போவது சண்முகம் அண்ணனின் லோடு ஆட்டோ. அண்ணனுக்கு ஐம்பது வயசு. காலையில் வாட்ஸ்அப்பில் படித்த விஞ்ஞானத்தை, வண்டி கிளம்பியதிலிருந்து வயல் வந்து சேரும்வரை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அதாவது, வரப்புக்குப் போவதற்கு முன்பே எனக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

காத்து இல்லாத ஊர்

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் குளிக்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம், எனக்கு வயிற்றெரிச்சல். கணவாய் வழியாக இறங்குகிற காத்து, ட்ரோனைக் காகிதம் மாதிரி தள்ளும். இவர் வயலுக்கு அடிக்கிற மருந்து அடுத்தவர் வயலில் போய் விழும். விடிந்ததும் தொடங்கி எட்டரைக்குள் முடித்தால்தான் உண்டு. வீரகேரளம்புதூர் அருணாசலம் அண்ணாச்சியிடம் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தபோது மணி ஒன்பதரை. பயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. "இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி, நாளைக்கு வெள்ளன வாரேன்" என்றேன்.

வேடிக்கை பார்க்க வந்த பதினைந்து பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. அண்ணாச்சிக்குக் கோபம். "நெலாவுலயே கொண்டுபோயி எறக்கிட்டாங்க. நீ என்னன்னா எங்க வயல்ல பறத்த முடியாதுங்கியேம்மா?" நானும் பொறுமையாக, நிலாவில் காத்தே கிடையாது, அங்கே உள்ள சிரமங்கள் வேறே, இங்கே உள்ள சிரமம் வேறே என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஏலே, காத்தே இல்லாத எடத்துல எறக்குனதுக்கா அன்னைக்கு டிவியில அம்புட்டுக் கைதட்டு?"

ஹவில்தாரின் ஏமாற்றம்

எல்லையில் ட்ரோன் சண்டை என்று டிவியில் விடாமல் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சுரண்டை பக்கம் ஒரு வயலில் ட்ரோனை அப்போதுதான் மேலே எழுப்பியிருந்தேன். அடுத்த வயலிலிருந்து, "எல்லாரும் படுங்கலே!" என்று ஒரு சத்தம். நடவு நட்டுக்கொண்டிருந்த நாலு பெண்கள் பயந்துபோய்ச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் போட்டவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் மண்வெட்டியோடு என்னை நோக்கி ஓடி வருகிறார். பாதி மருந்தோடு ட்ரோனை இறக்க வேண்டியதாயிற்று.

லைசென்ஸ், பதிவு நம்பர், ஆதார் எல்லாவற்றையும் வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். சேற்றிலிருந்து எழுந்த பெண்கள் அவரை வைத பேச்சை இங்கே எழுத முடியாது. அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நம்ம ஊர் ட்ரோன்தான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எத்தனை லிட்டர் தூக்கும், எவ்வளவு நேரம் பறக்கும் என்று கேட்டார். கடைசியில், எவ்வளவு தூரம் போகும் என்றார். "ஒரு கிலோமீட்டர் ஐயா" என்றேன். மனிதர் அப்படியே சோர்ந்துபோனார். "ஒரு கிலோமீட்டரா? இத வச்சு நம்மளால பக்கத்துல இருக்க ஆலங்குளத்தக்கூடப் பிடிக்க முடியாதே தாயி."

பறக்கும் டாக்ஸி

கடையநல்லூரில் ரஹ்மத் அக்கா வயல். வயல் இங்கே, வயல்காரரான அக்காவின் வீட்டுக்காரர் துபாயில். அவர் வீடியோ காலில் வந்து நின்றுகொண்டு, நான் எந்தப் பக்கமிருந்து அடிக்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறார். நான் திரையைப் பார்ப்பதா, அவருக்குப் பதில் சொல்வதா? நடுநடுவே அந்த ஊர்ப் பெருமை வேறு. "இங்கன கடையில காப்பி போட்டுத் தாரதே ரோபோதான். பறக்குற டாக்ஸி வரப்போவுது. உங்க ட்ரோன் எல்லாம் சின்னப்புள்ளைங்க வெளாட்டுச் சாமான்." மூன்று பேட்டரி மாற்றுகிற வரைக்கும் இதே பாட்டுதான். அந்தப் போனைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டால் என்ன என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

மருந்து அடித்து முடித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. கிணற்றைக் காட்டச் சொன்னார். தான் வைத்துவிட்டுப் போன தென்னங்கன்றைக் காட்டச் சொன்னார். அக்கா போனோடு நடந்து நடந்து காட்டினார். அது கன்றாகவா இருக்கிறது, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. அவர் ஊருக்கு வந்து மூன்று பெருநாள் ஆயிற்றாம். அவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, வைக்கப்போகும்போது சொன்னது இது: "அந்த டாக்ஸி கடையநல்லூர் வரைக்கும் வருமான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க மச்சான்."

ரெண்டு வருஷக் கெடு

இலஞ்சியில் ஒரு பெரியவர் வயல். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்திருந்தான். நான் ரிமோட் திரையில் வயலின் எல்லையைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து நின்று, "ஏஐ வந்துட்டா இதுக்கு ஆளே வேண்டாங்க. அதுவே பறக்கும், அதுவே பூச்சியக் கண்டுபிடிக்கும், அதுவே அடிக்கும். உங்களுக்கு மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னான். வேறே ஏதாவது படியுங்கள் என்று நாலைந்து படிப்பின் பெயரும் சொன்னான். சாகிற நாளைக் குறித்துச் சொல்கிற டாக்டருக்குக்கூடக் கொஞ்சம் தயக்கம் இருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லைக் கோட்டைத் தப்பாகப் போட்டு, முதலிலிருந்து குறிக்க வேண்டியதாகிவிட்டது.

மோர் கொண்டுவந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். மகன் வீட்டுக்குப் போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவன மனசுல வச்சுக்கிடாத. கம்பெனியில அவன் சீட்டக் கிழிச்சு ஒரு மாசம் ஆச்சு. அவனுக்கு அந்த ஏஐ ஒரு நாள்கூட டைம் குடுக்கல, ஒனக்கு ரெண்டு வருசம் குடுத்திருக்கு."

மழையை விரட்டினவள்

திருவேங்கடம் பக்கம் மானாவாரி. வானம் பார்த்துத்தான் வெள்ளாமை. அந்த வருஷம் மேகம் கூடுவதும் கலைவதுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. மாடத்தி அக்காவின் ரெண்டு ஏக்கர் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து, குருத்தைச் சல்லடையாக்கியிருந்தது. விடிந்தும் விடியாமலும் போய் இறங்கினால், சோளக்காட்டுக்குப் போகிற பாதையில் இருபது முப்பது பேர் மறித்து நிற்கிறார்கள். ட்ரோன் காத்தாடிதான் மேகத்தைக் கலைக்கிறதாம், வெளிநாட்டில் விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாம், வாட்ஸ்அப்பில் வீடியோவே வந்திருக்கிறதாம். முன்னால் நின்ற வேலுச்சாமி என்பவர், "மிஷின எறக்குன, ஒடச்சிப்போடுவோம்" என்றார். நான் சண்முகம் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தரையைப் பார்த்தார். அந்த வீடியோவை முந்தாநாள் எனக்கே அனுப்பியவர் அவர்தான்.

மேகம் எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, ட்ரோன் பயிருக்கு மேலே ரெண்டு ஆள் உயரம்கூடப் போகாது என்று தொண்டை கிழியச் சொன்னேன். யாரும் கேட்பதாக இல்லை. ஒருவர் என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அப்போது மாடத்தி அக்கா புழு விழுந்த குருத்து ஒன்றை ஒடித்துக் கொண்டுவந்து, வேலுச்சாமி கையில் திணித்தார். "இந்தப் புழுவ ஒவ்வொண்ணா ஒங்க ஆளுவ வந்து பொறுக்கிக் குடுங்க. இந்தப் புள்ளைய நான் இப்பமே திருப்பி அனுப்பிருதேன்." வேலுச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக வழி விட்டார்கள்.

மருந்து அடித்து முடித்துத் தென்காசி வந்து சேருவதற்குள் அங்கே ஒரு மழை கொட்டித் தீர்த்திருக்கிறது. அடித்த மருந்தெல்லாம் போச்சு. அக்காவுக்கு மூன்றாம் நாள் மறுபடி போய் அடித்துக் கொடுத்து, முக்கால்வாசிப் பயிரைத் தேற்றினோம். அது தனிக் கதை. மழை பெய்த அன்று சாயங்காலமே எனக்கு ஒரு போன். வேலுச்சாமி. "ஏம்மா, அடுத்து வரும்போது அப்படியே எங்க கம்மாய்க்கு மேலயும் ரெண்டு சுத்து சுத்திட்டுப் போயிரு."

சண்முகம் அண்ணன் சொன்ன நாள்

ஆய்க்குடிக்குப் போகிற வழியில் அண்ணன் ஆரம்பித்தார். "சூரியன்ல என்னமோ வெடிச்சிருக்காம் தங்கச்சி. அந்தப் புயல் இங்கன வருதாம். செயற்கைக்கோளெல்லாம் தடுமாறுமாம். இன்னைக்குப் பறத்த வேண்டாம்." நான் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. போன வாரம்தான் தென்காசிக் கோபுரம் அளவுக்கு ஒரு கல் வானத்திலிருந்து விழப்போகிறது என்று குடை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். வயலில் இறங்கியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தினமும் பறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய காம்பஸ் சோதனையை அந்தச் சிரிப்பிலேயே விட்டுவிட்டேன்.

ரெண்டாவது சுற்றில் திரையில், ட்ரோனுக்கு வழி காட்டுகிற சாட்டிலைட்டுகளின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. ட்ரோன் தானாக ஒரு பக்கமாக நழுவுகிறது. கைப் பழக்கத்தில் ஓட்டி இறக்கியிருக்கலாம், அதற்குத்தான் பயிற்சி. ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. தென்னை மட்டையில் இறக்கை தட்டி, வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தது. வரப்பில் நின்ற பத்துப் பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷத்தில் வரப்பு அமைதியாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான். இவர்கள் ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலையே என்று இருந்தது. சேற்றோடு அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனி இன்ஜினியர் பிரித்துப் பார்த்துவிட்டு, சூரியனாகவும் இருக்கலாம், காம்பஸ் ஒயர் லூஸாக இருந்ததாகவும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். சரியாகிவர மூன்று வாரம் ஆனது. விழுந்த அன்றைக்குத் திரும்பி வரும்போது அண்ணன் வழியில் வண்டியை நிறுத்தினார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். மேலகரத்தில் என்னை இறக்கிவிட்டு, உடைந்த ட்ரோனைப் பதமாகத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார். "நான் சொன்னா வாட்ஸ்அப்புன்னு சிரிக்கே. சூரியனே நேர்ல வந்து சொன்னாத்தான் கேப்பியோ?"

இவ்வளவு கருவிகளைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள், பக்கத்தில் நின்று கருத்துச் சொல்கிறவர்களை நிறுத்திவைக்க ஒரு பொத்தானையும் கண்டுபிடித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும், ஆனால் அதை அழுத்துவதற்கு முன்னால் அவர்கள் சொன்னதை ஒரு தடவை முழுசாகக் கேட்டுக்கொள்வேன் என்பதுதான் மூன்று வருஷத்தில் நான் படித்த மொத்த விஞ்ஞானமும்.