யார் கை வெச்சது?

பானெட்டைத் திறப்பதற்குள்ளேயே மெக்கானிக் அன்வர் பாஷா திட்ட ஆரம்பித்துவிடுவார். "யார் கை வெச்சது?" இதுதான் முதல் கேள்வி. கார் தானாகக் கெடும் என்பதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. எவனோ கை வைத்துத்தான் கெட்டிருக்க வேண்டும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. கழுத்தில் மாலை மாதிரி ஒயரில் தொங்கும் டெஸ்ட் லாம்ப். பதினெட்டு வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"தள்ளிப் பார்க்கலாமா பாய்?" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போச்சு. "காரு வாங்குனியா, தள்ளுவண்டி வாங்குனியா? நோவு இன்னான்னு பாக்காம தள்ளிகினே கீறே!" ஆள் பெரிய மனிதர் என்றால் குரல் இன்னும் ஏறும். பாஷாவுக்கு இடது சுண்டுவிரலில் பாதி இல்லை. ஃபேன் பெல்ட்டில் போனதாம். விசாரித்தால் அந்தக் காரின் சொந்தக்காரரை இன்றைக்கும் வைவார். நானும் கோபக்காரன்தான். அதனாலோ என்னவோ, என் ஸ்கூட்டர் ஒழுங்காக ஓடுகிற நாட்களிலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன்.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள், அரிசி மில் ஜானகிராமனின் இருபது வருஷத்துப் பழைய மாரிஸ் காரை மில் ஆட்கள் நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பூஜைக்காக எஞ்சின் இருக்கும் உள்பக்கம்வரை புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. டிரைவர் நாகப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

"புது பேட்டரி போட்டு மூணு மாசம் ஆகலை. இவன் அதை வித்துட்டு, செத்த பேட்டரியை வெச்சிருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் பாய், போலீஸ்ல குடுத்துடறேன்" என்றார் ஜானகிராமன். பதினோரு வருஷம் தன் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்ட மனிதரை, அத்தனை பேர் எதிரில் 'இவன்' என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாய், என் புள்ளைங்க மேல சத்தியமா..." என்று தொடங்கினார் நாகப்பன்.

"சத்தியம் பண்ணா வண்டி கிளம்புமாய்யா? லைட்டைப் போடு!" என்று நாகப்பன் மீதும் பாய்ந்தார் பாஷா.

முன்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஸ்டார்ட்டரை இழுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். விளக்குகள் ஒரேயடியாக அணைந்தன. விட்டதும் பழையபடி பளிச்.

"பாத்துக்கினியா சார்? பேட்டரி செத்திருந்தா மொதல்லயே லைட்டு மஞ்சளா அழுவும். உள்ள கரண்ட்டு கீது. வழியிலதான் அடைப்பு." பேட்டரி கேபிள் நெடுகப் புறங்கையால் தடவிக்கொண்டே போனவர், அது வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் நின்றார். அங்கே சுட்டது. போல்ட்டைக் கழற்றினார். அடியில், இரும்பே தெரியாமல், பச்சைப் பெயிண்ட்.

கத்தியால் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் கேபிளை வைத்து முடுக்கினார். ஒரே இழுப்பில் எஞ்சின் கிளம்பியது.

"யார் கை வெச்சது? உன் பெயிண்டரு! பெயிண்ட்டு மேல கேபிளை முடுக்கினா கரண்ட்டு எப்பிடிப் போவும்? பேட்டரி நீ வாங்குன அதே பேட்டரிதான்."

ஜானகிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சரி, வண்டியை எடுப்பா நாகப்பா. மணியாச்சு." அவ்வளவுதான். திருடன் என்று சொன்ன வாய், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து வெற்றிலையைக் குதப்ப ஆரம்பித்துவிட்டது. நாகப்பனோ, அதுவே பெரிது என்பதுபோல அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பாஷா எஞ்சினை நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்துப்போய், சற்றுமுன் முடுக்கிய போல்ட்டை மறுபடி கழற்றினார்.

"என் வேலை முடிஞ்சுது சார். உன் வேலை ஒண்ணு பாக்கி கீது. இவராண்ட ரெண்டு வார்த்தை சொல்லு."

"வுட்ருங்க பாய், பெரிய மனுசரு..." என்று பதறினார் நாகப்பன்.

"நீ சும்மா இரு!" பாஷா அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கையில் போல்ட்டை வைத்தார். "அவரு மன்னிப்பு கேட்டப்புறம், உனக்கு மனசு வந்தா, நீயே மாட்டிக்கோ" என்று சொல்லி, நாகப்பனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.