ஹெலியைக் கட்டிய கயிறு

எங்கள் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகொப்டர் வந்து பூத் தூவப் போகிறது என்றதும் செட்டிபாளையமே தலைகீழானது. எனக்கு எட்டு வயது. சந்தோஷப் புளுகத்தில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. விமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கொட்டுகிற ஒரேயொரு இடம், சீட்டுக் குலுக்கியதில் என் மாமாவுக்கு விழுந்தது. அம்மாவின் தம்பி அவர். கூரையில் ஏறினாலே தலை சுற்றுகிற ஆள். ஆனாலும் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அந்த இடம் எனக்கல்லவா கிடைத்திருக்க வேண்டும்!

காலையில் அது பள்ளிக்கூட மைதானத்தில் வந்து இறங்கியது. அடேயப்பா, என்ன புழுதி! சின்ன ஹெலிதான். உருள்கிற சில்லுகூடக் கிடையாது, நீளமாக இரண்டு கம்பிக் கால்கள்தான். பெண்கள் குரவையிட்டார்கள். யாரோ போய் அதன் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். விமானி கோயிலில் சாப்பிடப் போனார். காவலுக்கு என் அப்பா நின்றார்.

அப்பா வாவியில் மீன் பிடிக்கிறவர். கச்சான் காற்று கிளம்பியதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. காற்றுக்குள் தோணியைக் கட்டாமல் விட்டுவிட்டுப் போகிறவன் எங்கள் பக்கத்தில் உண்டா? நைலோன் கயிற்றை எடுத்து, ஹெலியின் இடது காலைக் உதைபந்துக் கோல் கம்பத்தோடு இறுக்கிக் கட்டினார். எனக்கும் அது மிகச் சரியான வேலையாகத்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்து, கும்பம் தூக்க ஆள் போதவில்லை என்று அப்பாவைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள்.

“மகள், மாமா வந்து ஏறக்குள்ள சொல்லு. அவர்ர பக்கத்துக் காலில கயிறு கட்டிக் கிடக்கு, அவிழ்க்கச் சொல்லு. மறந்திராத.”

“ஓம் அப்பா.”

விமானியும் மாமாவும் வந்தார்கள். சுபநேரம் போகிறது, போகிறது என்று ஒலிபெருக்கி கத்தியது. நான் ஓடினேன், உண்மையாகவே சொல்லத்தான் ஓடினேன். விமானி என்னைப் பார்த்துச் சிரித்து, தன் காதில் மாட்டுகிற பெரிய சாமானை என் காதில் மாட்டிவிட்டார். ஐயோ! கால் நிலத்தில் படவில்லை. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “நான் போட்டேன்! நான் போட்டேன்!” என்று கத்திக்கொண்டு கூட்டாளிகளிடம் பறந்தேன். விமானி தன் பக்கத்தை மட்டும் அவசரமாகப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

விசிறி சுழன்றது. வலது கால் எழும்பியது, இடது கால் எழும்பவில்லை. காலில் கயிறு கட்டிய சேவல் பறக்கப் பார்ப்பதுபோல ஹெலி ஒருபக்கம் இழுபட்டுச் சரிந்தது. விசிறி மண்ணில் அடித்துப் ‘படார்’ என்று முறிந்தது. பூ நிரப்பிய உரப்பைகள் வெடித்து, செவ்வந்தியும் அலரியும் மைதானம் முழுக்கப் பறந்தன. நான் கைதட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டினேன். பூமாரி என்றால் இப்படித்தான் பொழியும் என்று நினைத்தேன்.

விமானி நெற்றிக் கீறலோடு தப்பினார். மாமாவை வெளியே இழுத்தபோது அவருடைய வலது கை முறிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்தது. அப்பா எதையும் மறைக்கவில்லை.

“கட்டினது நான்தான் ஐயா. அவிழ்க்கச் சொல்லி மகளை விட்டனான்.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. கட்டிலில் கிடந்த மாமா முந்திக்கொண்டார்.

“மருமகள் வந்து சொன்னவ. ஏறுற புளுகத்தில நான்தான் மறந்திட்டன்.”

அப்பாடா! பெரியவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். நான் சொல்லித்தான் இருக்கிறேன்! இரண்டு நாளில் எனக்கே அது நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நடித்துக்கூடக் காட்டினேன்.

ஊர் மாமாவை விட்டுவைக்கவில்லை. கோயில் காரியத்தைக் கெடுத்தவன் என்று முகத்துக்கு நேரே ஏசினார்கள். நானும் விடவில்லை. வலது கை மடங்காமல், இடது கையில் கரண்டி பிடித்துச் சோற்றோடு மல்லுக்கட்டுகிறவரின் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போய் நிற்பேன்.

“நான் சொன்னனான்தானே மாமா?”

“ஓம் மருமகள், நீங்க சொன்னீங்கதான்.”

இவ்வளவு வளர்ந்த மனிதருக்கு இவ்வளவு மறதியா என்று அவருக்காக நான் பரிதாபப்பட்டேன்.