ஞாயிற்றுக்கிழமைக் கத்தி

பெவர்லி ஸ்டேனிஃபோர்த் முதலில் ஆணியைத்தான் பார்ப்பார், கத்தியை அல்ல. பாதி உரித்த உருளைக்கிழங்கு இடது கையில் இருக்கும். வலது கையில் ஈரம் படாத சுண்டுவிரலால் கைப்பேசித் திரையை இரண்டு தட்டுத் தட்டி, பிடியும் அலகும் சேருமிடத்தில் இருக்கும் கடுகளவு ஆணியைப் பெரிதாக்குவார். ஆணியின் தலை அச்சில் வார்த்ததுபோல ஒழுங்கான வட்டமாக இருந்தால் உதடு பிதுங்கும். "போன வருஷத்து ஆணி. நூறு வருஷக் கிழவனுக்கு நேத்துதான் காது குத்தியிருக்காங்க" என்பார். உருளைக்கிழங்கு தண்ணீரில் விழும்.

இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டின் வாக்லி மேட்டில், ஏறினால் மூச்சு வாங்கும் தெரு ஒன்றில் அவர் வீடு. பழைய மடக்குச் சவரக்கத்திகளை இணையத்தில் வாங்குகிறவர்கள் காசைக் கொடுக்குமுன் அவருக்குப் படம் அனுப்பிக் கேட்பார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கத்தி செய்த பரம்பரை உண்டு. பெவர்லிக்கு இல்லை. முப்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் மாட்டிக்கொண்டிருந்தவர். ஆமை ஓடு எது, ஆமை ஓடு மாதிரி சாயமேற்றிய மாட்டுக் கொம்பு எது, வெறும் பிளாஸ்டிக் எது என்று பிறர் மூக்கின்மேல் பார்த்துக் கற்றவர். கத்தியின் பிடிக்கும் அதே கண்தான். கூலி வாங்குவதில்லை. நன்றி சொல்ல மறந்தவர்களை மட்டும் மறப்பதில்லை.

அவருடைய தீர்ப்புகள் மூன்றே சொற்கள்: சரி, கலப்பு, சேராது. ஒரு கத்தியின் அலகை இன்னொன்றின் பிடியில் மாட்டியிருந்தால் கலப்பு. ஜோடியிலோ பெட்டியிலோ ஒன்று வேற்று வீட்டிலிருந்து வந்திருந்தால் சேராது. காரணத்தை இரண்டு வரிக்குமேல் எழுதமாட்டார். சொன்னதைத் திரும்பப் பெற்றதும் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைக்கவும் தெரியாது.

பளபளப்பு என்றாலே அவருக்கு ஆகாது. எவனோ ஒருவன் இயந்திரத்தில் பிடித்துத் துருவோடு சேர்த்து, அலகில் பொன்னெழுத்தில் இருந்த பட்டறைப் பெயரையும் வழித்துத் தள்ளியிருப்பான். "கண்ணாடி மாதிரி மின்னுதாம். கண்ணாடி வேணும்னா கண்ணாடி வாங்க வேண்டியதுதானே கண்ணு?" யாராக இருந்தாலும் கண்ணுதான், பேருந்து ஓட்டுநருக்கும், வழக்கறிஞருக்கும், ஏமாற்றுக்காரனுக்கும். ஒருமுறை ஒரு விற்பனையாளர் பிடியை 'அழகிய வெண்பொருள்' என்று மட்டும் எழுதியிருந்தார். பெவர்லி சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. "யானைத் தந்தம்னா விக்கக் கூடாது, சட்டம். எலும்புன்னா விலை போகாது. அதான் பிள்ளைக்குப் பேரே வைக்கல."

கணவர் கீத் மின்சாரச் சவரக் கருவிக்காரர். காலையில் அது கரகரக்கும்போது பெவர்லி வானொலியின் ஒலியைக் கூட்டுவார். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சென்ற மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ஏழு நாள் பெட்டி ஒன்றின் படம் வந்தது. வசதியுள்ளவர்கள் அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒரு கத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் கிழமை பொறித்திருக்கும். ஒன்று உழைக்கும்போது மற்றவை ஓய்வெடுக்கும். ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவிலிருந்து மோரக் மெக்கைவர் என்ற பெண்மணி தன் தந்தையின் பெட்டியை ஏலத்தில் வைத்திருந்தார். ஆறு கத்திகள் சாணைக்கல்லில் தேய்ந்து ஒடுங்கியிருந்தன. ஞாயிறு மட்டும் பட்டறையிலிருந்து நேற்று வந்ததுபோல அகலம் குறையாமல் இருந்தது. பெவர்லிக்குத் தயக்கமே இல்லை. 'ஞாயிறு சேராது. ஏழும் ஒரே வீட்டில் வளர்ந்தால் ஏழும் ஒன்றாகத் தேயும்' என்று கத்தி வாங்குகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் இணையக் குழுவில் எழுதினார்.

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். குழு நிறுத்தவில்லை. ஸ்வீடன்காரர் ஆர்னே, ஏலம் முடியும் நாளைப் பிடித்துக்கொண்டார். மற்ற விற்பனையாளர்கள், ஆட்கள் வீட்டில் இருக்கும் ஞாயிறு மாலையில் முடிக்கும்போது இந்த அம்மாள் மட்டும் வியாழன் நண்பகலில் ஏன் முடிக்கிறார்? திருட்டுச் சரக்கைக் கூட்டமில்லாத நேரத்தில் தள்ளிவிடத்தானே? ஏலம் கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 'ஞாயிற்றை எங்கே வாங்கினீர்கள்?' என்று சனி இரவு ஒருவர் மோரக்கிடமே பகிரங்கமாகக் கேட்டார். ஞாயிறு முழுவதும் பதில் இல்லை. 'வாயடைத்துப் போய்விட்டது பாருங்கள்' என்று எழுதினார் ஆர்னே.

திங்கள் காலை பெவர்லியின் தொலைபேசி மணி அடித்தது.

"மிஸஸ் ஸ்டேனிஃபோர்த்துங்களா? மோரக் மெக்கைவர் பேசறேன். அந்த ஏழு கத்திக்காரி. நேத்தே பேசியிருக்கணும். ஞாயிறு எங்களுக்கு ஓய்வுநாள், அன்னிக்கு நான் ஃபோனைத் தொடறதில்ல."

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. நீங்க மாத்தினீங்கன்னு நான் சொல்லலையே. எந்தக் காலத்துலயோ யாரோ தொலைச்சிருப்பாங்க, வேறொண்ணு வாங்கி வச்சிருப்பாங்க. நடக்கறதுதான்."

"எங்க வீட்டுல நடக்கல." குரல் உயரவில்லை. "எங்கப்பா சர்ச்சுல சபை மூப்பர். அவரோட அப்பாவும் மூப்பர்தான். ஓய்வுநாள்ல தண்ணி இறைக்க மாட்டாங்க, உருளைக்கிழங்கைக்கூட சனிக்கெழமையே உரிச்சு வச்சிருவாங்க. கத்தியையா எடுப்பாங்க? அந்தப் பெட்டி, தாத்தா வேலை பாத்த கப்பலோட முதலாளி அவருக்குக் குடுத்த அன்பளிப்பு. அந்த முதலாளிக்கு எங்க வழக்கம் என்ன தெரியும்? ஏழு குடுத்தாரு. ஆறைத்தான் தொட்டாங்க."

பெவர்லி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நீங்க எழுதினதை இங்க கடையில சத்தமா வாசிச்சிருக்காங்க. எங்கப்பா பெட்டியில ஒட்டுச் சரக்கு இருக்குன்னு. பெட்டி விக்கலேன்னா போகட்டும். ஆனா நான் அதே சபையில, அவர் உக்காந்த பெஞ்சுல போய் உக்காரணும், மிஸஸ் ஸ்டேனிஃபோர்த்."

"அப்ப ஞாயித்துக்கெழமை பிரசங்கத்துக்குத் தாடியோடயா போவாங்க?" பெவர்லிக்கு இன்னும் வாதாட ஒரு நூலிழை மிச்சமிருந்தது.

"தாடியோடயா! சனிக்கெழமை காலைல ஒருதரம், ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னால இன்னொரு தரம். ரெண்டுக்கும் சனிக்கெழமைக் கத்திதான். நல்லாப் பாருங்க."

பெவர்லி பார்த்தார். ஏழு கத்திகளையும் அடுக்கி எடுத்த அதே படத்தைத்தான். சனிக்கிழமைக் கத்தி மற்ற ஐந்தையும்விட ஒல்லியாக இருந்தது. வெள்ளிக்கிழமையே அதைக் கவனித்திருந்தார். யாரோ கைப்பதம் இல்லாமல் சாணை பிடித்திருக்கிறார்கள் என்று தள்ளிவிட்டிருந்தார். இப்போது வாதாட ஒன்றும் மிச்சமில்லை. வியாழன் நண்பகல்கூடப் புரிந்தது. ஓய்வுநாளில் விற்க மனமில்லாதவர் வேறு எந்தக் கிழமையில் முடிப்பார்?

"சனி இளைச்சுத்தான் போயிருக்கு" என்றார் கடைசியில்.

"இளைக்காம? ரெட்டை வேலை."

யானைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்வது சுலபம். பெவர்லிக்கு வெட்கமாக இருந்தது. தவறியதற்காக மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் போனதற்காக. ஞாயிற்றுக்கிழமை தெருவில் பந்து உதைத்தாலே அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். கத்திகளைப் பார்த்தவர், அவை இருந்த வீட்டை நினைத்துப் பார்க்கவில்லை.

கீத் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பழசை அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு எழுதிப் போடு. யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது?" என்றார்.

"கடையில வாசிச்சவங்களுக்கு இருக்கும்."

அழிக்கவில்லை. அதற்கு நேர் கீழேயே எழுதினார்: 'நான் சொன்னது தப்பு. ஏழும் ஒரே வீட்டுக் கத்திகள். சனிக்கிழமையைப் பாருங்கள், ஞாயிறு ஏன் தேயவில்லை என்பது தெரியும். மோரக் மெக்கைவர் பேரிலும் அவருடைய தந்தையின் பேரிலும் பழி போட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன்.' இரண்டு வரி வழக்கத்தை மீறிய முதல் பதிவு. ஆர்னே அன்றைக்கு முழுவதும் ஒன்றும் எழுதவில்லை. அவருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? மாலையில் மோரக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அச்செடுத்துக் கடைக் கதவில் ஒட்டியாயிற்று. பெட்டியை இனி விற்பதாக இல்லை.'

பெவர்லி அதைக் கீத்துக்கு வாசித்துக் காட்டினார். கீத் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"அப்ப எங்க பெரியப்பா பெட்டி?"

கீத்தின் பெரியப்பா மலையோரத்துக் கிராமத்தில் மெதடிஸ்ட் பிரசங்கியாராக இருந்தவர். அவர் விட்டுப்போன ஏழு நாள் பெட்டிதான் பெவர்லி தீர்ப்புச் சொன்ன முதல் பெட்டி. அதிலும் ஞாயிறு புத்தம் புதிதாக இருந்தது. அன்றைக்கே அதை உருவி, உதிரிக் கத்திகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டுவிட்டு, "உங்க பெரியப்பாவை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்று சொல்லியிருந்தார். கீத் அப்போது "சரி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வந்ததில்லை.

பெவர்லி எழுந்து மாடிக்குப் போனார். இழுப்பறை திறந்து மூடும் ஓசை கேட்டது. பெட்டியோடு இறங்கி வந்து மேஜையில் வைத்துத் திறந்தார். ஆறு கத்திகளில் சனிதான் மெலிந்திருந்தது. காலியாகக் கிடந்த ஏழாவது பள்ளத்தில் வெல்வெட் துணி மேலே புடைத்துப் போயிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி அமர்த்தி, ஞாயிற்றுக்கிழமையை அதில் வைத்து, பெட்டியைக் கீத் உட்காரும் பக்கமாக நகர்த்தினார்.