முதல் கூப்பீட்டுக்கே குரல் கொடுக்கும் பறவை

ஊரை விட்டு வந்து செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மனிதர் ஆந்தை போல அலறுவார். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரென்றால் இதற்குள் வேப்பிலையோடு ஆள் வந்திருக்கும். போர்க்லிஃப்ட் ஓட்டும் கிரெய்க்தான் அவர். வசந்தம் தொடங்கினால் அவருக்கு வான்கோழி வேட்டைப் பித்துப் பிடித்துவிடும். மலைகளுக்கு அப்பால் அவருடைய மைத்துனருக்குப் பண்ணை இருக்கிறது. எப்போதோ கூட்டிலிருந்து தப்பிய வான்கோழிகள் அங்கே காட்டில் பெருகிப் பயிரைக் கெடுக்கின்றனவாம். ஒரு சனிக்கிழமை என்னையும் வரச் சொன்னார். இத்தனை வருடத்தில் வேலையிடத்தில் என்னை யாரும் எங்கும் அழைத்ததில்லை. அந்தச் சந்தோசத்தில் போனேன்.

வழியெல்லாம் வகுப்பு எடுத்தார். மரத்தில் அடைந்திருக்கும் வான்கோழிச் சேவலைத் தேடி நடந்தால் அது நம்மை முந்திக் கண்டுவிடும். அதனால் அதையே பேசவைக்க வேண்டும். முதலில் ஆந்தைக் குரல். மசியாவிட்டால் காகக் குரல்; அதற்கொரு ஊதுகுழல் வைத்திருந்தார். அதுவும் பலிக்காவிட்டால் வண்டிக் கதவை ஓங்கிச் சாத்துவது. திடீர்ச் சத்தம் எதுவானாலும் அந்தப் பறவை தன்னையறியாமல் பதிலுக்குக் கத்திவிடும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் பொழுதுபட்ட பிறகு வேலிப் படலையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் தரம் கூப்பிடும்வரை குரல் கொடுக்கமாட்டோம். பேய் ஒரு தரம்தான் கூப்பிடும் என்பார்கள். யுத்த காலத்தில் பேய்கள் வாகனத்தில் வந்தன. அண்ணன் இந்த வழக்கத்தைப் பகிடி பண்ணுகிறவன். ஒரு நாள் பொழுதுபட்டதும் வெளியே அவன் பெயர் கேட்டது. "ஓம், வாறன்" என்று முதல் கூப்பீட்டுக்கே சொல்லி, சாரத்தைச் சரிசெய்தபடி போனான். திரும்பி வரவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று செத்தவீட்டு முகத்தோடு ஒருவர் சொன்னார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அண்ணன் வாயாடி அல்ல, மரியாதை தெரிந்தவன்.

பண்ணையில் விடியும்போது ஆந்தைக்கும் காகத்துக்கும் பதில் இல்லை. வண்டியை வெகுதூரத்தில் விட்டு வந்திருந்தோம். கிரெய்க் துப்பாக்கியோடு மேட்டின் மறுபக்கம் போனார். என்னை ஓடைப் பக்கம் பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நிலத்தைப் பார்த்து நடப்பது. ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் ஈரம் காயாத எச்சமும் இறகும் கிடந்தன. அண்ணாந்து பார்த்தேன். பெரிய சேவல், கழுத்தை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தப்பிப் போய்விடு என்றுதான் மனம் சொன்னது.

மேட்டுக்கு அப்பாலிருந்து கிரெய்க் "சிவா" என்று உரக்கக் கூப்பிட்டார். நான் வாயை இறுக்கிக்கொண்டேன். எனக்குப் பதிலாக வான்கோழி கத்தியது. மறுபடி என் பெயர். மறுபடி அதன் குரல். பேசாமல் இரு, பேசாமல் இரு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அது மரத்திலிருந்து இறங்கி, கூப்பிட்ட திசையிலேயே புல்வெளியில் நடந்தது. மூன்றாவதாகக் கேட்டது வெடிச்சத்தம்.

கிரெய்க் ஓடிவந்து என் தோளில் தட்டினார். "குட் ஒன், மேட். நீ மூச்சுக் காட்டாமல் நின்றதால்தான் கிடைத்தது" என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். பிறவி வேட்டைக்காரன் என்றார். சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு இன்றுவரை என்னை அரிக்கிறது.

வீட்டுக்கு வந்து, பின்வளவுக் குழாயடியில் சப்பாத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். பொழுது பட்டிருந்தது. குசினிக்குள்ளிருந்து மகள் "அப்பா, டின்னர்" என்று கூப்பிட்டாள். வாய் திறந்து மூடிக்கொண்டது. மனைவி, "அவள் கூப்பிட்டது கேக்கேல்லையோ?" என்று அலுத்துக்கொள்வது கேட்டது. யன்னல் வழியே பார்த்தேன். மகள் எனக்கொரு தட்டை வைத்துவிட்டுத் தன் கதிரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். இங்கே பிறந்தவள், ஒரு தரம்தான் கூப்பிடுவாள். நான் இரண்டாவது கூப்பீட்டுக்காக இருட்டில் நின்றுகொண்டிருந்தேன்.