ஜெயசீலி பிறந்த வருஷம்

பருத்திப்பட்டில் ஜாக்கெட் தைக்கும் ஜெயசீலியிடம் அளவு கொடுக்கப் போனால் கிண்டல் வாங்காமல் திரும்ப முடியாது. "போன கிறிஸ்மஸுக்கு இந்தக் கை உனுக்குப் பத்துச்சு. இப்ப கோணிதான் தைக்கணும்" என்பாள். அப்படிப்பட்ட வாய், கழுத்துக் கட்டியில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய நாளிலிருந்து மூடியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட் போனுக்கு வந்தது, பூட்டோடு. திறக்கிற பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு இங்கிலீஷ் எழுத்து, பிறகு பிறந்த வருஷம் என்று லேப் எழுதியிருந்தது. புருஷன் செபாஸ்டியன் அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை. லேபில் யாரும் போன் எடுக்கவில்லை. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அவளைத் தமிழரசுவின் ஜெராக்ஸ் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

தமிழரசு ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினான்.

"சரியான பாஸ்வேர்டு குடுத்தா, பூட்டையே கழட்டி வேற காப்பி குடுத்துடும்ணே. டாக்டருக்கு அப்டியே அனுப்பலாம்."

"எழுபத்தொண்ணு போடு."

தப்பு என்றது திரை.

"லேப்புல மாத்தி அடிச்சிருப்பாங்க. முன்ன பின்ன போட்டுப் பாக்கறேன்."

பழைய வரியையே வரவழைத்து, கடைசி எண்ணை மட்டும் மாற்றித் தட்டிக்கொண்டே போனான். எழுபது. எழுபத்திரண்டு. எல்லாம் தப்பு.

ஜெயசீலிக்குத் தெரியும். லேப் பெண் "அக்கா" என்று கூப்பிட்ட குஷியில் எட்டு வயசைக் குறைத்துச் சொல்லியிருந்தாள். இப்போது வாயைத் திறக்காதது வெட்கத்தால் அல்ல. பூட்டியிருக்கும் வரை அது வெறும் கட்டி. திறந்துவிட்டால் அதற்கு ஒரு பேர் வந்துவிடும்.

செபாஸ்டியன் மேசையைப் பிடித்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' முணுமுணுத்தார். தினமும் சொல்கிற ஜெபம், பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"டேய் தமிழு, எழுபத்தொம்போது போடு."

இருவரும் திரும்பினார்கள்.

"போடுடான்றேன்!"

இந்தத் தடவை திரை ஒன்றும் திட்டவில்லை. தமிழரசு புதுக் காப்பியைத் திறந்து, கடைசி வரிக்கு இறங்கி, இரண்டு தடவை படித்தான்.

"கான்சர் இல்லக்கா. சாதா கட்டின்னு போட்டுகீது."

டாக்டருக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று உடனே பதில் வந்தது. செபாஸ்டியன் பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"எழுபத்தொம்போதா? உன் தங்கச்சிக்கே நீ தங்கச்சி ஆயிட்டியேடி!"

"ஆமா. தமிழு, ரெண்டு பிரின்ட் போடு" என்றாள் ஜெயசீலி. "ஒண்ணு அவளுக்குக் காட்டணும். வயசு இருக்கற எடத்த மட்டும் பெருசா எடு."