கொட்டாங்குச்சிக் குந்துமணி

காரிமங்கலத்துக்கு இரண்டு கல் தள்ளி இருந்த கன்னியர் மடத்தில், நாதியற்ற கிழடுகட்டைகளுக்கென்று ஒரு நீளக் கொட்டகை உண்டு. அங்கிருந்த பதினாறு பேருக்கும் களி கிண்டி, கால் கழுவி, தலை வாரிவிட்டவள் ஞானமேரி. இருபத்தாறு வயதில் தாலியறுத்து மடத்துக்கு வந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் நாற்பதைத் தாண்டியிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். பயம் அதைவிட நீளம். மாடு செருமினால்கூடச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

அதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, வேலித் தகராறில் எவனோ ஒரு பாவி அவள் அப்பாவின் உழவு மாட்டுக்குக் குந்துமணி விஷம் ஏற்றிவிட்டான். மூன்றாம் நாள் மாடு வாயில் நுரை தள்ளிச் சாய்ந்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அப்படிப்பட்டவள் குந்துமணியை ஏன் தொட்டாள் என்று கேட்பீர்கள். புத்தி கெட்டுப்போச்சு, வேறென்ன! சும்மா கிடந்தால் கிழங்கள் அழும், இல்லையென்றால் சண்டை போடும். அதனால் வேலியிலும் ஏரிக்கரையிலும் கிடைத்ததையெல்லாம் பொறுக்கி வந்து கொடுப்பாள். பனையோலையில் சிலுவை பின்னுவார்கள். கேழ்வரகுத் தாளில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி கட்டுவார்கள். அந்த வருடம் ஜெபமாலைக்குச் சிவப்பு மணி எடுப்பாக இருக்குமே என்று ஆசைப்பட்டுவிட்டாள். முழு மணியை விழுங்கினாலும் அப்படியே வெளியே வந்துவிடும். துளை போட்டுவிட்டால் எமன். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் துளை போடும் வேலையை நம்பிக்கையான ஆளிடம் விட்டாள்.

அந்த ஆள் சவுரியப்பன். எழுபது வயது, தச்சு வேலை பார்த்தவர். இரண்டு நாள் மூலையில் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"தொளை போட்டதெல்லாம் இந்தக் கொட்டாங்குச்சியில கெடக்குது மேரி. உளி புடிச்ச கையின்னா சும்மாவா?"

"மவராசன்!" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். ஒரு மணியைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை களிச்சட்டியோடு திரும்பினால், அந்தக் கொட்டாங்குச்சி காலி. பக்கத்தில் சென்னம்மாள் ஆயா உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள். எண்பது வயது, நினைவு தப்பிப்போனவள், வாயில் ஒரு பல் கிடையாது. கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்வாள்.

"ஐயோ மாதாவே! துப்பு ஆயா, துப்பு!"

"தித்திக்கல" என்றாள் ஆயா.

ஞானமேரி ஆயாவின் வாயில் விரலை விட்டுத் துழாவினாள், ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். ஆயா அதை அவள் மேலேயே துப்பினாள். மடத்துத் தலைவியான மதர் மாட்டுவண்டியை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போயிருந்தார், நாளைக்குத்தான் வருவார். தோட்டக்கார நஞ்சப்பன் காரிமங்கலத்து வைத்தியரிடம் ஓடிப்போய், மூச்சிரைக்கத் திரும்பினான்.

"முழுசா, தொளை போட்டதான்னு கேட்டாருங்க. தொளை போட்டதுன்னா அவரால ஆவாதாம்."

ஞானமேரி ஆயாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். நானே கொன்றுவிட்டேன், நானே கொன்றுவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆயா கொட்டாவி விட்டாலும் அந்த மாடுதான் கண்ணில் வந்தது.

மத்தியானம் சவுரியப்பன் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்.

"மேரி... நான் ஒண்ணுலயும் தொளை போடல."

"என்ன பெரிப்பா சொல்றீங்க?"

"ஊசியே தெரியல. கண்ணு போயி ஆறு மாசமாச்சு. தெரிஞ்சா பின்கொட்டாய்க்கு மாத்திருவீங்கன்னு இந்தக் கொட்டாங்குச்சியில இருந்து அந்தக் கொட்டாங்குச்சிக்கு மாத்திப் போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

பின்கொட்டகை படுக்கையில் விழுந்தவர்களுக்கானது. அங்கிருந்து எழுந்து வந்தவர் யாரும் இல்லை. கல்லறைக்குத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். ஞானமேரிக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. மறு நிமிடமே போய்விட்டது. இந்த மனுஷன் பொய் சொன்னது நேற்றா, இன்றைக்கா? நான் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் இப்போது சொல்கிறாரோ? கேட்கவும் பயமாக இருந்தது. ஆயாவின் நெற்றியில் கை வைப்பதும் எடுப்பதுமாகப் பொழுது போனது. ஞானமேரி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆயாவின் மலச்சட்டியைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய்க் கழுவினாள். ஒன்பது மணிகள். ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் துளை இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

உள்ளே சவுரியப்பன் தலையைக் குனிந்தபடி இருந்தார். "அப்ப என்னைய மாத்திருவியா மேரி?"

ஞானமேரி மிச்சமிருந்த குந்துமணியையெல்லாம் அள்ளி அடுப்புக்குழிக்குள் புதைத்துவிட்டு வந்து, அவர் மடியில் ஒரு கட்டுப் பனையோலையைப் போட்டாள்.

சாயங்காலம் வந்த மதர் ஜெபமாலை எங்கே என்று கேட்டார்.

"மணியில பூச்சி வுழுந்துருச்சுங்க மதர். கொட்டிட்டேன். பெரியவரு ஓலை பின்றாருங்க, கண்ணு இன்னும் கெட்டியா இருக்குதுங்க."

பதினைந்து வருடத்தில் கன்னியரிடம் அவள் சொன்ன முதல் பொய். பின்னிக்கொண்டிருந்த சவுரியப்பனின் கை ஒரு கணம் நின்றது. சிலுவையின் ஒரு கை கோணலாக நீண்டிருந்தது. மதர் அதை வாங்கி, நன்றாயிருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.